சிவப்புப் பட்டன்

டீ ஆறிவிடும், குடியுங்கள் காஷிஃப் தம்பி. சர்க்கரை கொஞ்சமாகத்தான் போட்டிருக்கிறேன்.

நான் நாலு வார்த்தை பேசினால் உங்கள் மனைவி குல்ஷன் மறுபடியும் ஒழுங்காகச் சாப்பிடுவாள் என்று நினைத்து, ராயப்பேட்டையிலிருந்து இந்த ராஜா அண்ணாமலைபுரத்துக்கு வந்திருக்கிறீர்கள். கூடவே ஒரு கேள்வியும் கொண்டுவந்திருக்கிறீர்கள். உங்கள் அப்பாவின் இணையதளத்தில் அவள் பெயரில் அந்த மாற்றம் பதிவான அன்று குல்ஷன் ஆம்பூரில் ஒரு கல்யாணத்தில் இருந்தாள், கம்ப்யூட்டரை எடுத்துப் போகவில்லை, அப்படியானால் அவள் பாஸ்வேர்டு வேறு யாரிடம் இருக்கிறது என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் என் வேலை என்னவென்று தெரிந்தால்தான் உங்களுக்குப் புரியும்.

டிசைன் தெரியாதவர்கள் தங்கள் இணையதளத்தைத் தாங்களே மாற்றிக்கொள்ளக் கற்றுக்கொடுக்கிறேன். தீம் என்று தயாராகக் கிடைக்கிற ஒரு வடிவமைப்பை எடுத்துப் போட்டு, நிறம், படம், தலைப்பு எல்லாம் எப்படி மாற்றுவது என்று காட்டுவேன். ஜவுளிக்கடைக்காரர்கள் வருவார்கள், டியூஷன் டீச்சர்கள் வருவார்கள், இட்லி மாவு விற்கிற பெண்கள் வருவார்கள். எல்லாருக்கும் பயம், எங்கே உடைந்துவிடுமோ என்று. "எதை வேணாலும் தொடுங்க, நான் இருக்கேன்" என்பேன். வீட்டுக்குப் போய் எதையாவது கலைத்துவிட்டு போன் செய்வார்கள். "ஷீலா மேடம், லோகோ காணோம்" என்பார்கள். சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்து சரிசெய்வேன். தொல்லை என்று சலித்துக்கொள்வேன். ஆனால் ஒரு தடவைகூட எடுக்காமல் விட்டதில்லை.

உங்கள் அப்பா அப்படித்தான் வந்தார். மூச்சுத் திணறி உங்கள் அம்மா போன பிறகு, பஞ்சு மெத்தைக் கடையின் பின்பக்க அறையில் ஆக்சிஜன் மெஷின்கள் வாங்கி வைத்து, கேட்டவர்களுக்கு இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். ரஹ்மான் பாய் மாதிரி மனிதர்கள் குறைவு. அவருக்கு நான்தான் தளம் போட்டுக்கொடுத்தேன். மேலே ஒரு சிவப்புப் பட்டன். தொட்டால் அவருக்குப் போன் போகும். நம்பர் அந்த ஒரு இடத்தில் மட்டும்தான். பதற்றத்தில் தேடுகிறவர்களைக் குழப்பக்கூடாது என்று சொல்லிக்கொடுத்ததும் நான்தான்.

தளத்தைப் பார்த்துக்கொள்ளக் கற்றுக்கொள்வதற்கு மருமகளை என் வகுப்புக்கு அனுப்பினார். குல்ஷன் கெட்டிக்காரி. இரண்டாவது வகுப்பிலேயே நான் சொல்லாததையெல்லாம் தானாகத் தேடிப் பார்க்க ஆரம்பித்தாள். ஒருநாள் லேப்டாப்பைத் திறந்து காட்டினாள். தளத்தின் தீம் முழுவதையுமே மாற்றியிருந்தாள்.

"நானே பண்ணேங்கா. நல்லா கீதா?"

நன்றாகத்தான் இருந்தது. நான் போட்டதைவிட நன்றாக இருந்தது. அதையும் சொன்னேன். எனக்குப் பொறாமைக் குணம் கிடையாது.

பிறகு போன் வருவது குறைந்தது. தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற ஜவஹரை வழியில் பார்த்தேன். உங்கள் தளத்தில் பேனர் படம் மாறியிருந்ததே, யார் செய்தது என்று கேட்டேன். "குல்ஷன் சொல்லிக்குடுத்துச்சு மேடம். சும்மா சும்மா உங்கள எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னுதான்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அன்று வீட்டுக்கு வந்து போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அது பாட்டுக்குச் சும்மா கிடந்தது.

அவளுக்கு ஒரு சின்னச் சிக்கல் வரவேண்டும் என்று நினைத்தேன். எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறவர்களுக்கு அது நல்லது. அந்தத் தீமில் ஒவ்வொரு பகுதிக்கும் மூன்று டிக் இருக்கும். கம்ப்யூட்டரில் தெரியட்டுமா, டேப்லட்டில் தெரியட்டுமா, மொபைலில் தெரியட்டுமா என்று. சிவப்புப் பட்டனுக்கு மொபைல் டிக்கை எடுத்துவிட்டேன். அவ்வளவுதான். என் பெயரிலேயே உள்ளே போயிருக்கலாம். அவள் பாஸ்வேர்டை ஆரம்பத்தில் போட்டுக்கொடுத்தது நான். அதனால் அவள் பெயரில் போனேன்.

குல்ஷன் எப்போதும் லேப்டாப்பில்தான் பார்ப்பாள். அதில் பட்டன் இருந்தது. போனில் தேடுகிறவர்களுக்கு மட்டும் இல்லை. அவள் கவனித்துவிட்டு என்னைக் கூப்பிடுவாள் என்று காத்திருந்தேன். தினமும் என் போனில் பக்கத்தைத் திறந்து பார்ப்பேன். பட்டன் வந்திருக்காது. அவளும் கூப்பிடவில்லை. உங்கள் அப்பாவைக் கடையில் பார்க்கப் போனேன். மெஷின்கள் எல்லாம் வரிசையாகச் சும்மா நின்றன.

"போனே வரலம்மா. ஊர்ல எல்லாரும் நல்லா கீறாங்க போல. அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

அப்போதே சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். சொன்னால் அவள் என்ன கற்றுக்கொள்வாள்?

கோபாலபுரத்துத் தங்கவேல் விஷயம் உங்களுக்குத் தெரியும். மத்தியானம் அவர் வீட்டு மெஷின் நின்றுவிட்டது. மகன் ராகேஷ் போனில் உங்கள் தளத்தைத் திறந்து, மேலும் கீழும் தள்ளிப் பார்த்திருக்கிறான். பிறகு அம்மாவை அப்பா பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, ஆட்டோ பிடித்து ராயப்பேட்டையில் சந்து சந்தாகக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறான். மெஷினோடு அவன் திரும்பிப் போனபோது அது தேவைப்படவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் கடைக்கு வந்தானாம். சண்டை போடவில்லையாம். போனை குல்ஷன் கையில் கொடுத்து, "இதுல நம்பர் எங்க இருக்குன்னு நீங்களே காட்டுங்க" என்றானாம்.

அன்றுதான் குல்ஷன் என்னைக் கூப்பிட்டாள். அழுகையில் பேச்சே சரியாக வரவில்லை. "அக்கா, நான் இன்னா தப்பு பண்ணேன்னு வந்து பாருங்கக்கா."

உடனே போனேன். அவள் எதிரிலேயே டிக்கைத் திரும்பப் போட்டேன். தலையைத் தடவிக்கொடுத்தேன். "புதுசா கத்துக்குறப்போ எல்லாருக்கும் நடக்குறதுதாம்மா" என்றேன். என் தோளில் சாய்ந்து வெகுநேரம் அழுதாள். அவளுக்கு யாராவது ஆறுதல் சொல்ல வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு அவள் அந்த லேப்டாப்பைத் தொடவில்லை என்று உங்கள் அப்பா சொன்னார். இப்போது ஒரு எழுத்தை மாற்றுவதாக இருந்தாலும் என்னைக் கேட்டுத்தான் செய்கிறார். தளம் ஒழுங்காக இருக்கிறது, நீங்களே பார்க்கலாம். ஜவஹரும் என்னைத்தான் கூப்பிடுகிறார்.

கையைப் பிசையாதீர்கள் தம்பி. ஆமாம், நான்தான் செய்தேன். தங்கவேல் செத்ததற்கு நான்தான் காரணம் என்று நீங்கள் சொன்னால் மறுக்கமாட்டேன். போலீசுக்குப் போவதானால் போங்கள், இதையே அங்கேயும் சொல்கிறேன். குல்ஷனிடமும் நீங்களே சொல்லிவிடுங்கள், அவள் நிம்மதியாகச் சாப்பிடட்டும். சனிக்கிழமை வகுப்புக்கும் வரச் சொல்லுங்கள். அவள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.