தண்ணி மேலை ஏறாதாம்

“…தண்ணி மேலை ஏறாதாம் தம்பி! ஏசி பூட்டின ஜெரிசன் எனக்குச் சொல்லுறான். எனக்கு! அப்ப கிணத்துத் தண்ணி தாங்கிக்கு என்னெண்டு ஏறுதாம்? ஆ? மோட்டர் இருக்குத்தான்… இல்லையெண்டு சொல்லேல்லை… எண்டாலும் ஒரு மரியாதையாச் சொல்லவேணுமெல்லோ.”

கனகலிங்கம் சண்டிலிப்பாயில் கட்டிய தன் புதுக் கலியாண மண்டபத்தில் ஏணியைப் பிடித்தபடி, அண்ணாந்து சீலிங்கோடுதான் கதைத்துக்கொண்டிருந்தார். காங்கேசன்துறையிலிருந்து முதல்முறையாக வந்திருந்த சீலிங் வேலைக்காரன் தனோஜன் இன்னும் வாய் திறக்கவில்லை. திறக்க இடம் கிடைத்தால்தானே! சண்டிலிப்பாயைச் சுற்றியுள்ள வேலைக்காரர் எல்லாரும் இந்த ஏணியில் ஒருதரம் ஏறி இறங்கி, பிறகு போன் எடுக்காமல் விட்டுவிட்டார்கள். மிஞ்சியது இந்தப் பெடியன்தான்.

“அந்தக் கறையைப் பாரும். மணவறைக்கு நேர மேலை! வேறை இடமில்லையே ஒழுக? வாசலடியிலை ஒழுகினால் ஒரு வாளியை வைச்சிட்டுப் பேசாமல் இருப்பன். நேற்று சம்பந்தியம்மா மண்டபம் பாக்க வந்தவ. நான் பெருமைக்கு ஏசியைப் போட்டன். மனுசி வந்து நிண்டதே அதுக்குக் கீழைதான். சொட்டு… சொட்டு… நெத்தியிலை. குங்குமம் கரைஞ்சு மூக்காலை ஓடுது. ‘பன்னீர் தெளிக்க ஆள் தேவையில்லை’ எண்டு ஒரு பகிடி விட்டன். சிரிக்கேல்லை. ‘வெள்ளிக்கிழமைக்கிடையிலை இது நிக்காட்டில் மண்டபத்தை மாத்துவம்’ எண்டிட்டா. என்ரை மண்டபம் இருக்க, என்ரை பிள்ளை வித்தியாவின்ரை கலியாணம் ஊரான்ரை மண்டபத்திலை! பிறகு எந்த விசரன் இஞ்சை கலியாணம் வைப்பான்?

என்ன கேட்டனீர்? சீலிங் ஏன் இவ்வளவு பதிவாய், தாழக் கிடக்கெண்டோ? அதுக்குள்ளை பீம் கிடக்குத் தம்பி. பென்னாம்பெரிய கொங்கிறீற் பீம். மேடை முதல் தெற்காலைதான் இருந்தது. பிறகு ஐயர் சொன்னார், பொம்பிளை மாப்பிளை கிழக்குப் பாக்க இருக்கவேணுமெண்டு. இடிச்சு மேற்காலை கொண்டந்தால், தலைக்கு மேலை பீம்! உத்தரத்துக்குக் கீழை சோடியை இருத்தினால் தோசமெண்டு சனம் சொல்லாமல் விடுமே? ‘கண்ணுக்குத் தெரியாட்டில் தோசமில்லைத்தானே ஐயா’ எண்டு கேட்டன். அவர் வாயே திறக்கேல்லை. பேசாமல் இருந்தால் ஓமெண்டுதானே கருத்து? மறைச்சுப்போட்டன்.”

தனோஜன் ஏணியில் ஏறிக் கறையைச் சுற்றித் தட்டிப் பார்த்தான்.

“மெல்ல, மெல்ல! அடையாளம் விழப்போகுது… ஜெரிசன் சொன்னவன், ஏசித் தண்ணிப் பைப் பீமுக்குக் கீழாலை சரிஞ்சு போகவேணும், சீலிங்கை இன்னும் ஒரு சாண் இறக்குங்கோ எண்டு. இறக்கினால் மணவறை முடி இடிக்கும். ‘அப்ப பீமைத் துளையடா’ எண்டன். ஏலாதெண்டு கும்பிட்டான். பேந்து நான்தான் வழி சொன்னனான், பீமுக்கும் கூரைக்கும் நடுவிலை இடம் கிடக்கு, மேலாலை ஏத்தி மற்றப் பக்கம் இறக்கு எண்டு. சின்ன மோட்டர் வைச்சால் ஏறுமாம். மோட்டரைப் பாக்க சீலிங்கிலை ஒரு மூடி வேணுமாம். மூடியோ! சீலிங் அடிச்ச ஜெயசுதனும் முதலே கேட்டவன், ‘அண்ணை, ஒரு ஆள் தலை போற அளவுக்கு மூடி விடட்டோ’ எண்டு. வெள்ளைவெளேரெண்டு ஒரு கீறில்லாமல் கிடக்கிறதுக்கு நடுவிலை, பட்டு வேட்டிக்கு ஒட்டுப்போட்ட மாதிரி… விட்டனானே? விடேல்லை. மூடியில்லையெண்டால் மோட்டரும் இல்லையெண்டிட்டான் ஜெரிசன்; பைப் மட்டும் மேலாலை ஏறிக் கிடக்கு.

எல்லாரும் பிழை தம்பி. ஒருத்தனும் மற்றவனோடை கதைக்கேல்லை. அதுதான் எனக்கு விசர். என்ன…? கதைக்க விட்டனானோ? ஏன் விடவேணும்? மூண்டு பேர் ஒண்டாய் நிண்டால் பிளேன்ரீயும் பகிடியும்தான். ஒருத்தன் வேலையை முடிச்சுப் படலையைத் தாண்டினாப் பிறகுதான் மற்றவனுக்குப் போன் எடுக்கிறது. கெட்டித்தனம் எண்டெல்லோ நினைச்சன்…”

தனோஜன் இறங்கி வந்து, கறையடியில் வெட்டி மூடி வைக்கவேண்டும் என்று விரலால் ஒரு சதுரம் கீறிக் காட்டினான். கனகலிங்கத்தின் குரல் அன்றைக்கு முதல்முறையாகத் தணிந்தது.

“சரி. வெட்டும். வித்தியாவுக்காக… வெட்டும். சின்னதா வெட்டும், பூச்சரத்தாலை மறைக்கலாம். அறுக்கிற வாள் மோட்டச்சைக்கிளிலையோ கிடக்கு? போய் எடுத்துக்கொண்டு வாரும்.” மறுபடி அண்ணாந்து கறையைப் பார்த்தார். “ஆனா ஒண்டு தம்பி, முதலே சொல்லிப்போடுறன். சனம் கேட்டால், நீர்தான் என்னைக் கேளாமல் வெட்டினது எண்டு சொல்லுவன். பேர் ஊரோடை சொல்லுவன். குறை நினைக்கக் கூடாது. மண்டபத்துக்காரன் தானே பிழை விட்டவன் எண்டு சொல்லேலுமே? …கேக்குதே?”

வெளியில் மோட்டார் சைக்கிள் உறுமிப் படலையைத் தாண்டியது. சத்தம் காங்கேசன்துறைப் பக்கமாய்ப் போய்த் தேய்ந்தது.

பின்பக்கத்திலிருந்து மனைவி உதயகலா எட்டிப் பார்த்தாள். “என்னப்பா, செய்யிறாராமோ?”

“ஓம் ஓம். வாள் எடுக்கப் போயிட்டார்.” கனகலிங்கம் ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “வீட்டிலையாம். தூரமெல்லோ… நல்ல பெடியன் கண்டியோ. குறுக்கை ஒரு சொல் கதைக்கேல்லை.”