கராஜுக்குள் ஊதா வெளிச்சம்

கிரான்பர்ன் ரயிலில் எனக்கு முன்னால் இரண்டு பேர், வேலை உடுப்போடு. வெளியே பனிப்புகார்.

“விடிய லைற் பத்தின உடன நான் படுக்கிற கராஜ் முழுக்க ஊதாவாகும். கடலுக்கடியில கண் முழிக்கிற மாதிரி.”

“கராஜுக்குள்ள என்னத்துக்கடா ஊதா லைற்?”

“குளிருக்குக் கறிவேப்பிலைக் கண்டை உள்ள வைச்சிருக்கிறன், வெயிலுக்குப் பதிலா அந்த லைற். கூரை பதிவு, கையை உயர்த்தினால் முட்டும். முந்திப் போட்ட பெரிய பல்பின்ர சூட்டில குருத்துக் கருகிப்போச்சு. எல்இடி அப்பிடிச் சுடாது, இலைக்குக் கிட்டத் தொங்கவிடலாம்.”

“கோடை வர வளவில நட்டு விடன்.”

“விசா வந்தால்தான் நிலத்தில வைப்பன் எண்டிருக்கிறன்.”



“அதுவரைக்கும் கண்டு வளராமல் நிக்குமே?”

“வளர வளர லைற்றை உயர்த்திக்கொண்டு வந்தனான். நேற்று லைற் கூரையில முட்டிப்போட்டுது.”