உச்சி என்றால்

வீரபாண்டி பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் பனியன் கம்பெனி டெய்லர்.

"உச்சின்னா என்னன்னு எங்க மேனேஜருக்குத் தெரியலீங்கக்கா."

"ஏங் கண்ணு?"

"மீட்டிங்குல, 'கம்பெனி உச்சிக்குப் போகோணும்'னாருங்க. 'உச்சி வெயில்ல தகரக் கூரைக்குக் கீழ எங்க உச்சிதானுங்க கொதிக்குது, ஒரு ஃபேன் போடுங்க'ன்னேன். எல்லாருஞ் சிரிச்சுப்போட்டாங்க."

"அப்புறம்?"

"நாளையிலிருந்து வராதேன்னுட்டாரு. பையை எடுத்தேன். பாத்தா, மொத்தத் தையல் லைனும் பையோட எந்திரிச்சு நிக்குது. நாளைக்கு ஷிப்மெண்ட்டு வேற."

"ஃபேன் வந்துச்சா?"

"உடனே வந்துச்சுங்க. கடைக்குப் போக நேரமில்லீன்னு, அவரு ரூமு ஃபேனையே கழட்டிக் கொண்டாந்து மாட்டுனாங்க."