சன்னலில் போட்ட தெரு

குளத்தூரிலிருந்து வந்த பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். சின்னவள், போன வருசம் இறந்துபோன திருக்கோகர்ணத்துப் போட்டோக்காரரின் மருமகள் என்பது பேச்சில் தெரிந்தது. பெரியவள் மடியில் கூடையுடன் கேட்டுக்கொண்டு வந்தாள்.

"பேய்ப் படத்தையெல்லாம் வெந்நியில போட்டுத் தேச்சுட்டேன்க்கா" என்றாள் சின்னவள்.

"பேய்ப் படமா?"

"மாமனாரு பொட்டி பொட்டியா வச்சிருந்த கண்ணாடிங்க. மூஞ்சி பூரா கருப்பு, தலமுடி வெள்ளை. பொழங்குற வீட்டுல அதை வச்சுக்கலாமா? சோடா உப்புல ஊறவும் தோலு மாதிரி உரிஞ்சு வந்துருச்சு. வெறுங்கண்ணாடிய சன்னலுக்குப் போட்டாச்சு. பளிச்சுன்னு இருக்கு."

பெரியவளின் முகம் செத்துப்போனது.

"அடிப் பாவி மகளே, அது நெகட்டிவ்டி, அதுலேருந்துதான் பிரிண்டு போடுவாக. அது அப்படித்தான் இருக்கும்."

"ஐயோ! எனக்கு யாரும் சொல்லலையே..."

"சமஸ்தானம் போனப்புறம் பஸ் ஸ்டாண்டுக்குன்னு எங்க தெருவை இடிச்சாக. அதுக்கு முன்னால ஒன் மாமனாரு வந்து வீடு வீடா எல்லாரையும் வாசல்ல நிப்பாட்டிப் படம் எடுத்தாரு. படம் புடிச்சா ஆயுசு கொறையும்னு எங்கம்மா உள்ள ஒளிஞ்சுக்கிட்டாக. நாந்தான் கையப் புடிச்சு இழுத்தாந்து நிறுத்துனேன். இப்ப தெருவும் இல்ல, அம்மாவும் இல்ல. அந்தப் படம் ஒண்ணு வாங்கத்தான் ஒங்க வீட்டுக்கு வாரேன்."

சின்னவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்டக்டர் திருக்கோகர்ணம் என்று கத்தினார். அவள் அசையவில்லை. பெரியவள்தான் முதலில் எழுந்தாள்.

"எந்திரி ஆத்தா. அந்த சன்னலையாவது பாத்துட்டுப் போறேன்."