தண்ணீர் எடுத்த நேரம்

—எழுதிட்டேன், படிக்கிறேன். வந்திருந்தவங்க: சங்கத் தலைவர். செயலாளர், அதாவது நான். அப்புறம்... உங்களை என்னன்னு எழுதட்டும்ண்ணே?

—சாயக்காரன்னே எழுதும்மா. பட்டறைக்குப் பூட்டு விழுந்து ரெண்டு வருஷமாச்சு. பேருக்கு யாரும் பூட்டு போடல.

—அவரை எழுதாதே. அவர் உறுப்பினர் இல்ல. அவரை யாரும் கூப்பிடவும் இல்ல.

—நான் கூப்பிட்டேன் பெரியப்பா.

—யாரைக் கேட்டு?

—விதியைக் கேட்டு. நம்ம சங்கம் எழுதிக் கொடுத்து யார் தொழில் நின்னுச்சோ, அவங்க ஒரு தடவை வந்து பேசலாம்னு பதிமூணாவது விதி. உங்க கையெழுத்துல இருக்கு.

—விதி எனக்குச் சொல்லித் தர்றியா? சரி, மத்தவங்க எங்க? பதினோரு ஊர் உறுப்பினரும் வரணுமே. நாற்காலி எல்லாம் காலியா கிடக்கு.

—எல்லாருக்கும் சொன்னேன். "அது உங்க வீட்டு விஷயம், முதல்ல நீங்க பேசி முடிங்க"ன்னுட்டாங்க.

—வீட்டு விஷயமா? ஆத்தைக் காப்பாத்துற சங்கத்துல எங்க வீட்டுக்கு என்னடா விஷயம்னு ஒருத்தன் கேக்கல?

—தப்பா எடுத்துக்காதீங்க தலைவரே, கேக்குறதுக்கு என்ன இருக்கு? போன ஞாயித்துக்கிழமை உங்க தம்பியோட பிளீச்சிங் பட்டறை வாய்க்கால்ல எடுத்த தண்ணி, குளோரின் பாக்குற சொட்டு மருந்து விட்டதும் மஞ்சளாகி, செங்கல் நிறத்துக்குப் போயிடுச்சாம். சலூன்ல சவரம் பண்ணிட்டிருந்தவன் கத்தியைப் பிடிச்சபடியே சொல்றான்.

—சலூன்ல சொன்னதை வச்சுப் பேச இங்க வந்தியா?

—சலூன்ல சொன்னது இல்ல பெரியப்பா. பாட்டில் அதோ அந்த அலமாரியில இருக்கு. ரெண்டாவது தட்டு. நீங்களே சொட்டு விட்டுப் பாருங்க.

—நான் எதுக்குப் பாக்கணும்? எனக்கு முட்டி வலின்னு ஒரு நாள் படுத்தேன். ஒரே ஒரு நாள். அதுக்குள்ள ஒன்பது வருஷ முறையைத் தலைகீழாக்கிட்டே. தண்ணி எடுக்க மேல இருந்து கீழ போறதுதான் முறை. தண்ணி அப்படித்தான் ஓடுது. நம்ம வீட்டுக் கரையில ஆரம்பிச்சு, இவர் கரையில முடிக்கணும். நீ எதுக்குக் கீழ இருந்து மேல போனே?

—வேணும்னுதான் போனேன்.

—வேணும்னா?

—பழைய பாட்டில் லேபிளை எல்லாம் தரையில பரப்பிப் பாத்தேன். இடம், தேதி, நேரம், ரெண்டு கையெழுத்து. நேரம்ங்கிற கட்டத்தை மட்டும் வரிசையா படிச்சேன். நம்ம வீட்டுக் கரை, ஆறே கால். ஆறே கால். ஆறு இருபது. ஆறே கால். ஒன்பது வருஷமும் அதேதான். இவரோட கரைக்கு வரும்போது எல்லாம் பதினொண்ணு, பதினொண்ணரை.

—ஆறே காலுக்கு என் வாசலுக்கு வந்திருந்தா, தலைவரே, அந்தத் தண்ணியில பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டலாம். ஆள் வரல, அடுப்பு பத்தல, தொட்டி மூடிக் கிடக்கும். பதினொண்ணுக்கு வந்தா? எல்லாத் தொட்டியும் ஒரே நேரத்துல வாய் பொளந்திருக்கும்.

—உன் தண்ணி நீலமா போச்சா இல்லையா? அதைச் சொல்லு.

—போச்சு.

—மீன் செத்து மிதந்துச்சா இல்லையா?

—மிதந்துச்சு. இல்லன்னு என்னைக்காவது சொன்னேனா? பதினேழு பேர் வேலை போச்சு, வாயைத் திறந்தேனா? செஞ்சது நான், அனுபவிக்கிறேன். ஆனா என் தண்ணி நீலம், பாலத்து மேல போற பஸ்ல இருந்தே தெரியும். உங்க தம்பி தண்ணிக்கு நிறம் கிடையாது. வெள்ளைச் சட்டை போட்டுட்டு கமுக்கமா இறங்கிப் போயிடும். என் கரைக்கு அது வந்து சேரும்போது பாதி மீன் ஏற்கெனவே செத்திருக்கும்.

—இப்பத்தான் விஷயத்துக்கு வர்றே. பட்டறையைத் திறக்கணும். அதுக்கு என் தம்பி தலை வேணும்.

—திறந்து என்ன பண்ண? மெஷினை எடைக்குப் போட்டாச்சு.

—பின்ன என்னதான்யா வேணும் உனக்கு?

—என் பேத்திக்குப் பள்ளிக்கூடத்துல ஆத்தைப் பத்திக் கட்டுரை எழுதச் சொன்னாங்க. நோட்டைத் தூக்கிட்டு வந்து, "தாத்தா, ஆத்தைக் கெடுத்தவர்னு உன் பேரை எழுதணுமா, இல்ல சாயக்காரர்னு போட்டாப் போதுமா"ன்னு கேட்டா. எட்டு வயசு. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். என் பேரை அழிக்கச் சொல்லல. அதுக்குப் பக்கத்துல வர வேண்டிய பேரு ஒண்ணு வரல. அது வரணும். அவ்வளவுதான்.

—அந்தப் பேரு எங்க குடும்பப் பேரு. அதை உன் பக்கத்துல எழுதணுமாக்கும்.

—ஏன், ஒட்டிக்குமா?

—சத்தம் போடாதீங்க ரெண்டு பேரும். கீழ கடையில ஆளுங்க இருக்காங்க.

—நீ என் வாயை அடைக்காதே. உன்னை இந்த நாற்காலியில உக்கார வச்சது யாரு? உன் அப்பனா? பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்குச் சங்கம்னு அவன் முணுமுணுத்தான். நான்தான், "அண்ணன் சொல்றேன், அனுப்புடா"ன்னேன். உனக்குப் பேர் வச்சவன் நான்.

—தெரியும் பெரியப்பா.

—தெரிஞ்சுமா பெத்தவன் பட்டறை வாசல்ல பாட்டிலைத் தூக்கிட்டுப் போய் நின்னே? காலு கூசலையா உனக்கு?

—கூசிச்சு.

—கூசின காலு திரும்பி வீட்டுக்கு வந்திருக்கணும்.

—அப்பா வாசல்லதான் நின்னாரு. என்னைப் பாத்தாரு, பாட்டிலைப் பாத்தாரு. "செருப்பைக் கழட்டிட்டு இறங்கும்மா, படி வழுக்கும்"னாரு.

—...அவ்வளவுதானா சொன்னான்?

—அவ்வளவுதான்.

—கரைக்காரர் கையெழுத்துக்கு எவனைப் பிடிச்சே? பக்கத்து வீட்டுக்காரன் போட்டிருந்தா அது செல்லாது. கரை யாருதோ அவங்கதான் போடணும்.

—அப்பாதான் போட்டாரு.

—பொய்.

—பாருங்க. லேபிள்லயே இருக்கு. நான் பாட்டிலை நீட்டினேன். கண்ணாடி உள்ள இருக்குன்னு போய் எடுத்துட்டு வந்து, நேரத்தை ஒரு தடவை படிச்சுட்டுப் போட்டாரு. பதினொண்ணு பத்து.

—தப்பா எடுத்துக்காதீங்க, எனக்கு அந்த மனுஷன் மேல ஒரு மரியாதை வந்துடுச்சு. என் பாட்டில்ல கையெழுத்துப் போடச் சொன்னப்போ நான் பேனாவைத் தூக்கி ஆத்துல எறிஞ்சவன்.

—உன் மரியாதை எங்களுக்கு வேண்டாம்.

—வேண்டாம்னா விடுங்க. நான் வச்சுக்கிறேன்.

—பெரியப்பா, இப்ப மணி ரெண்டே கால். மூணு மணிக்கு மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துல இருந்து ஆள் வந்து பட்டியலை வாங்கிட்டுப் போவார். இந்த மாசம் கெட்ட தண்ணி விட்ட கரை மூணு. மூணாவது நம்மது. கீழ உங்க கையெழுத்து வேணும்.

—போட மாட்டேன்.

—போடலைன்னா பட்டியல் போகாது.

—போக வேண்டாம். உன்னையும் பதவியில இருந்து எடுக்குறேன். எழுது அதை.

—எழுதிட்டேன். "செயலாளரை நீக்குவதாகத் தலைவர் கூறினார்." அடுத்து?

—கிண்டலா?

—இல்ல. நீங்க சொல்றதை எல்லாம் எழுதுறதுதானே என் வேலை. அடுத்து என்ன எழுத? "தம்பி பட்டறை என்பதால் தலைவர் கையெழுத்திட மறுத்தார்"னு எழுதட்டுமா?

—என் அப்பா இந்த ஆத்துல மூழ்கினவங்களை இழுத்துக் கரை சேர்த்தவர். எங்க வீட்டு வாசலைக் காட்டி இதுவரைக்கும் ஒருத்தன் விரல் நீட்டினது கிடையாது. இந்தச் சங்கம் எங்க வீட்டு முன்னறையில தொடங்குச்சு. இன்னைக்கு அதே வீட்டுப் பொண்ணு, அதே சங்கத்துப் பேனாவால... முறைன்னு ஒண்ணு இருக்கும்மா. முறைன்னு ஒண்ணு இருக்கு.

—முறை இருந்ததாலதான் இவருக்குப் பூட்டு விழுந்துச்சு. அன்னைக்கு இந்த அறையில நீங்க பேசினது எனக்கு மனப்பாடம். "ஆளைப் பாத்து அளக்காதே, தண்ணியைப் பாத்து அள"ன்னீங்க. நான் கை தட்டினேன். அப்பா பின் வரிசையில உக்காந்திருந்தாரு. அவரும் தட்டினாரு.

—அதுல எனக்கும் ஒரு பங்கு இருக்கு. நான்தான் நடுவுல நின்னு திட்டு வாங்கினவன்.

—நீ வாயை மூடு.

—மூடிட்டேன்.

—பெரியப்பா, நான் உங்களை அவமானப்படுத்த வரல. வழி இருக்கு. நேத்து அப்பா ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தாரு. கடைசியில காட்டுன்னு சொன்னாரு. காட்டிடுறேன்.

—என்ன கடிதம்?

—பட்டியலோட சேர்த்து வைக்கிறதுக்கு. படிக்கிறேன், கேளுங்க. "மாதத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமை சங்கத்தார் தண்ணீர் எடுக்க வருவார்கள் என்பது எனக்குத் தெரியும். மற்ற நாட்களில் விடியும் முன்பே தொட்டியைத் திறந்துவிடுவேன். அந்த ஒரு நாள் மட்டும் அவர்கள் வந்து போகும் வரை திறக்காமல் வைத்திருப்பேன். சென்ற ஞாயிறு அண்ணன் படுத்திருந்ததால் யாரும் வரமாட்டார்கள் என்று எண்ணித் திறந்துவிட்டேன். என் அண்ணனாகிய சங்கத் தலைவருக்கு இது தெரியாது. அவர் நம்பிக்கையை நான் ஒன்பது ஆண்டுகள் ஏமாற்றினேன். தண்டனை என்னைச் சேர்ந்தது. சங்கத்துக்கும் அண்ணனுக்கும் இதில் குற்றம் இல்லை."

—கொடு இங்க.

—கசக்கிடாதீங்க.

—கொடுன்னேன்ல. ...அவன் எழுத்துதான். எப்ப எழுதினான்?

—நேத்து சாயங்காலம். பட்டறைக் கணக்கு மேஜையில உக்காந்து. மூணு தாளைக் கிழிச்சுப் போட்டாரு. இது நாலாவது.

—நீ சொல்லிக் கொடுத்தியா?

—நான் கேக்கவே இல்ல. கையெழுத்துப் போட்ட ஞாயித்துக்கிழமையில இருந்தே, கடைசியில காட்டுன்னது தவிர, அவர் யார்கிட்டயும் பேசல.

—சாப்பிட்டானா?

—சாப்பிடல. அம்மா மூணு தடவை தட்டை வச்சு எடுத்தாங்க.

—கோட்டிக்காரன்.

—ஊர்லயும் இதேதான் பேச்சு தலைவரே. நான் கிளப்பினது இல்ல, சத்தியமா. தம்பி அண்ணன் கண்ணுல மண்ணைத் தூவிட்டான், பெரியவர் பாவம், வெள்ளந்தி மனுஷன், கூடப் பொறந்தவனை நம்பி ஏமாந்துட்டார்னு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பேசுறாங்க. நேத்து உங்க தம்பி ஒரு கடைக்குள்ள நுழைஞ்சதும், அங்க உக்காந்திருந்த ஒருத்தன் எழுந்து வெளிய போயிட்டான். அவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டு வாங்க வந்ததை வாங்கிட்டுப் போனாரு.

—எவன் அவன் எழுந்து போனவன்?

—ஆளைத் தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க? ரெண்டு வருஷமா என்னைப் பாத்தும்தான் எழுந்து போறாங்க. பழகிடும்.

—என் தம்பியைப் பாத்து எழுந்து போனானா?

—பெரியப்பா, கோவத்தை விடுங்க. இந்தக் கடிதம் போனா உங்க மேல ஒரு சொல் வராது. தலைவராவே இருக்கலாம். சங்கமும் நிக்கும், பதினோரு ஊரும் திரும்பி வரும். அப்பா பட்டறை மட்டும் போகும். அவர் அதுக்குத் தயாராயிட்டாரு.

—உனக்கு அதுல சம்மதமா?

—எனக்கா? ஏமாத்தினவர் பொண்ணுன்னு நாளைக்கு என்னையும் சொல்வாங்க. கேட்டுக்கிறேன். ஆறு இவர் கரையில கெட்டா ஒரு பேச்சு, நம்ம கரையில கெட்டா ஒரு பேச்சுன்னு இருக்க முடியாது.

—அண்ணே... இல்ல, தலைவரே. நானும் சொல்லிடுறேன். எனக்கு இது போதும். பக்கத்துல ஒரு பேரு வந்தா போதும்னேன், வருது. உங்களைத் தோண்ட எனக்கு ஆசை இல்ல. போட்டுடுங்க கையெழுத்தை.

—பேனா.

—இந்தாங்க.

—எங்க, இங்கயா?

—அதுக்குக் கீழ. தேதியும் போடுங்க.

—...போட்டாச்சு. மூணாவது கரை, பிளீச்சிங் பட்டறை. சரியா எழுதியிருக்கே. எழுத்துப் பிழை இல்ல.

—இப்ப கடிதத்தைக் கொடுங்க, பட்டியலோட சேர்த்துக் குத்திடுறேன்.

—இது எதுக்கு?

—வேணும் பெரியப்பா. இல்லைன்னா, ஒன்பது வருஷம் இந்தக் கரை எப்படித் தப்பிச்சுச்சுன்னு கேப்பாங்க. அதுக்கு ஒரு பதில் வேணும்ல.

—எங்க வீட்டுல கூடப் பொறந்தவனை ஒருத்தன் ஏமாத்தினான்னு ஒரு காகிதம் எந்த அலுவலகத்துலயும் இருக்கக் கூடாது.

—ஐயோ, கிழிக்காதீங்க! பெரியப்பா! அப்பா நாலு தடவை எழுதினது அது!

—தப்பா எடுத்துக்காதீங்க, காகிதத்தைக் கிழிச்சா ஆச்சா? தம்பி அண்ணனை ஏமாத்தினதுதான் ஊருக்கே தெரியுமே.

—ஊருக்குத் தெரிஞ்சது தப்பு. எழுதிக்கோம்மா. என் தம்பி என்னை ஏமாத்தல. முதல் ஞாயித்துக்கிழமை நான் வந்துட்டுப் போற வரைக்கும் தொட்டியைத் திறக்காதேன்னு அவனுக்குச் சொன்னது நான்.