குழாயில் குறை இல்லை

காப்பி நன்றாக இருந்தது, இன்ஸ்பெக்டர் ஐயா. நாற்காலியும் கொடுத்தீர்கள். நிதானமாகவே சொல்கிறேன்.

என் பெயர் பாக்கியநாதன். மன்னார்புரத்தில் மோட்டார் ஷெட் வைத்திருக்கிறேன். ஸ்ரீரங்கத்து வக்கீல் வீட்டுப் பிள்ளை யதிராஜன், சோழவரம் பந்தயத்துக்கென்று ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். வேகத்துக்குக் குறைச்சல் இல்லை. பின்சக்கர பிரேக்தான் சூடேறிக் கழுத்தை அறுத்தது. வேகமாகப் போய்த் திரும்பத் திரும்ப அழுத்தினால் பிரேக் எண்ணெய் கொதித்துவிடும். கொதித்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் கிடையாது.

மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் காரின் வயிற்றுக்கடியில் தகரத்தால் இரண்டு புனல்கள் வைத்து, அங்கிருந்து பின் பிரேக்குகளுக்குக் குழாய் இழுத்தேன். ஓட்டத்தில் வருகிற காற்றே பிரேக்கை ஆற்றியது. முன்பு தண்ணீர் தெளித்தால் சுர்ரென்ற இடத்தில், பிறகு கையை வைத்துப் பத்து எண்ணலாம். நான் எண்ணிப் பார்த்தேன்.

மதராஸ் பந்தயக்காரர்கள் வந்து பார்த்து, யார் மூளை இது என்று கேட்டார்கள்.

"எல்லாம் நான் யோசிச்சதுதான். இவன் தகரம் வெட்டினான்" என்றார் யதிராஜன்.

அவர்கள் போன பிறகு, "என் பேரை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க" என்றேன்.

"கூலி வாங்கிண்டாச்சே, பேர் வேறயா?" என்று சிரித்தார். வயிறு எரிந்தது. இன்றும் எரிகிறது, மறைக்க மாட்டேன்.

மறுநாள் காலை முக்கொம்பு ரோட்டில் வெள்ளோட்டம். அவர் தாயார் கோதைநாயகி அம்மாள் காரின் முகப்பில் பெருமாள் கோயில் புது மாலையைச் சாத்திவிட்டு, வாடிய பழையதை என்னிடம் நீட்டினார்.

"பெருமாள் சாத்திண்டது. கால் படாத இடமாப் பார்த்துப் போடுங்கோ."

"சரிங்கம்மா" என்றேன். மாலையை இரண்டாக அறுத்து, புனலுக்கு ஒன்றாகக் கட்டைவிரலால் அழுத்தித் திணித்தேன். அங்கே யார் காலும் படாது.

முக்கொம்புத் திருப்பத்தில் கார் நிற்கவில்லை. காவிரியிலிருந்து தூக்கியபோது புனல்களில் பூவெல்லாம் போய் வாழைநார்தான் மிச்சம். உங்கள் ஆட்கள் அதை ஆற்றுக் குப்பை என்று உருவி எறிந்தார்கள். நான் பக்கத்தில் நின்றேன். விபத்து என்று முடித்தீர்கள். நானும் வீட்டோடு இருந்திருக்கலாம்.

ஆனால் நேற்று உங்கள் ரிப்போர்ட்டை வாசித்துக் காட்டினீர்கள்: 'பாக்கியநாதன் செய்து வைத்த குழாய் பயனற்றது.' அவர் செத்த பிறகுதான் குழாய் என்னுடையது ஆயிற்று. அதற்காகத்தான் வந்தேன். அந்தத் தாயாரை நினைத்து வரவில்லை.

குழாய் திறந்திருந்தவரை அவர் உயிரோடு இருந்தார். அடைத்தேன், அன்றைக்கே செத்தார். இதைவிட என்ன ருசு வேண்டும் உங்களுக்கு? பாக்கியநாதன் செய்த குழாய் குறையில்லாமல் வேலை செய்தது என்று முதல் வரியில் எழுதுங்கள். கொலையை அதற்குக் கீழே எழுதிக்கொள்ளலாம்.