இசைத்தட்டின் மறுபக்கம்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு நடுவயதுத் தம்பதி. கணவரின் மடியில் காயலான் கடையில் வாங்கிய பழைய இசைத்தட்டுகள். சிமெண்டு லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தபோது அவர் சொன்னது காதில் விழுந்தது.

“மாத்திரை போட ஆரம்பிச்ச பொறவுதான் தெரியுது, ரெக்கார்டுக்கு ரெண்டு பக்கம் இருக்குன்னு.”

மனைவி சிரித்தார். “ஊரே சிடிக்கு மாறுன பொறவும் அலஞ்சு அலஞ்சு வாங்குனீங்களே?”

“வாங்குனேன். ஒரு பாட்டு முடியறதுக்குள்ள எந்திரிச்சுப் போயிடுவேன். திருச்சி டாக்டர் சொன்னாருல்ல, சின்ன வயசுலேருந்தே இருக்குற கவனக் கோளாறாம். பள்ளிக்கூடத்துல சோம்பேறின்னு அடிச்சாங்க. நானும் அப்படித்தான்னு நம்பிட்டேன்.”

அவர் மடியிலிருந்த தட்டுகளை அடுக்கிச் சரிசெய்துகொண்டார்.

“மாத்திரைய முழுங்குனா ரெக்கார்டு தேடுற ஆசையே போயிடுமோன்னு பயந்தேன்.”

“எங்க போச்சு? காலையிலேருந்து அந்தக் கடைத் தூசிய நானும்ல சேந்து தின்னேன்.”

“ஆமா, நான் பாதியில எந்திரிச்சுப் போனா ரெக்கார்டு என்னாவும்?”

“அது பாட்டுக்கு ஓடும். நான் சமைச்சுக்கிட்டே கேப்பேன். முடிஞ்சா திருப்பிப் போடுவேன்.”

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். “அப்ப வூட்ல இருக்குற எல்லாத்தையும் நீ கேட்டிருக்கியா?”

“எல்லாத்தையும்.”

“அதுல எது நல்லாருக்கும்?”

“சொல்ல மாட்டேன். சாயங்காலம் ஒக்காந்து நீங்களே கேளுங்க. நானும் கூட ஒக்காருறேன்.”